அம்மாவின் பொருட்களை நகையாக்குவது: ரெசினில் ஊற்றலாமா, தாயத்தில் வைக்கலாமா?

தாழம்பூ (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். அம்மா போன மாசியில் காலமானார். நாங்கள் மூன்று பெண்கள். வீடு, வயல், பாத்திரம் எல்லாம் பேச்சு வளராமல் பிரிந்துவிட்டன. மனத்தாங்கல் வந்தது ஒரு பிஸ்கட் டப்பாவால். அதற்குள் இருந்தவை: கடைசித் தங்கையின் வளைகாப்பில் அம்மாவும் போட்டுக்கொண்ட பச்சைக் கண்ணாடி வளையல்களின் துண்டுகள், கல்யாணப் பட்டின் முந்தானையிலிருந்து கிழிந்த ஒரு முழ ஜரிகை, நீல மையில் எழுதிய மளிகைச் சீட்டு ("து.பருப்பு 1, பெருங்காயம் கட்டி, மறந்துவிடாதே"), ஓர் ஓட்டைக் காலணா, அப்பா இறந்தபோது தாலிக்கொடியிலிருந்து எடுத்து வைத்த இரண்டு குண்டுகள்.

மூவருக்கும் தினமும் அணியும்படி ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறோம். ரெசின் (ஊற்றினால் இறுகிக் கண்ணாடி போலாகும் செயற்கைப் பிசின்) நகை செய்கிற ஒரு பெண்ணிடம் கேட்டோம். எல்லாவற்றையும் மூன்று பங்காக நறுக்கி, மூன்று பதக்கங்களில் வைத்து ஊற்றிவிடலாம் என்றார். காட்டிய மாதிரிகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஊற்றினால் ஊற்றியதுதானே? அந்த இடத்தில் மனம் நிற்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிசின்பெட்டி (கோவை)

தாழம்பூ அக்கா, நான் ரெசின் வேலை செய்பவள். உங்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ரெசினில் வைக்க முடியும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

கண்ணாடித் துண்டு எந்தத் தொந்தரவும் தராது. ரெசினுக்குள் போனால் கூர்மையும் குத்தாது. ஜரிகையும் பரவாயில்லை. ஆனால் பட்டில் சிக்கிய காற்று குமிழாக வெளியே வரும். அதனால் முதலில் துணியை ரெசினில் தோய்த்து, ஊறவிட்டுப் பிறகுதான் அச்சில் வைக்க வேண்டும். சீட்டுதான் சங்கடம். காகிதத்தின் இரண்டு பக்கமும், வெட்டிய ஓரங்களிலும் பசை பூசிக் காயவைக்காமல் ஊற்றினால், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஊடுருவித் தெரியும். பேனா மையாக இருந்தால் அந்தப் பசையின் ஈரத்திலேயே கசியக்கூடும்.

ஊற்றுகிறவர் தராசு வைத்து எடை போட்டுக் கலக்கிறாரா என்று பாருங்கள். ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் புட்டியில் சொன்ன விகிதத்தில் சேராவிட்டால் மாதக் கணக்கில் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டு மேற்பரப்பு மங்கும். வெயிலில் கிடந்தால் காலப்போக்கில் மஞ்சள் பூக்கும். நல்ல ரெசினில் மெதுவாகப் பூக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "மஞ்சளே ஆகாது" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால், நைட்ரில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே போக முடியாது.

ஊதுகுழல் (கும்பகோணம்)

நான் பொன் வேலைக்காரன். அப்பா, தாத்தா எல்லோரும் இதே பட்டறை. கோயம்புத்தூர்த் தங்கை தொழில் தெரிந்து எழுதியிருக்கிறார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் "ஊற்ற முடியுமா" என்பதற்கு முன்னால் "திரும்ப எடுக்க முடியுமா" என்று கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு வழி காலங்காலமாக இருக்கிறது. குழந்தையின் தொப்புள் கொடி காய்ந்து விழுந்ததும் என்ன செய்தோம்? வெள்ளித் தாயத்தில் வைத்து அரைஞாணில் கோத்துக் கட்டினோம். பிள்ளை வளர்ந்ததும் தாயத்து பெட்டிக்குள் போனது. முப்பது வருடம் கழித்து அதைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது சுக்குத்துண்டு மாதிரி இருக்கும், ஆனால் இருக்கும். அதை எடுத்துப் புதுத் தாயத்தில் மாற்றலாம், சங்கிலியில் கோக்கலாம், பேரனுக்குக் கொடுக்கலாம். ரெசின் பதக்கம் மஞ்சளானால் என்ன செய்வீர்கள்?

தாயத்து செய்வது பெரிய கம்பசூத்திரம் இல்லை. மெல்லிய வெள்ளித் தகட்டை இரும்புக் கம்பியில் சுற்றிக் குழலாக்கி, மூட்டில் வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, குழலால் தீயை ஊதுவோம். ஒரு முனையை மூடிப் பற்றவைப்போம். மறுமுனைக்குத் திருகு மூடி. நெருப்பு வேலை எல்லாம் முடிந்து, புளி போட்டுத் துலக்கி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே பொருள் போகும். இந்த வரிசை மாறக்கூடாது. திருகு வேண்டாம் என்றால் அரக்கு வைத்து அடைக்கலாம். அரக்கு சூடு காட்டினால் இளகும், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

பிசின்பெட்டி (கோவை)

ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் தாயத்துக்குள் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. என்னிடம் வருகிறவர்கள் பார்ப்பதற்காகத்தான் வருகிறார்கள். அம்மாவின் வளையல் பச்சையாக மின்னுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அதுவும் ஓர் ஆசைதானே?

ஊதுகுழல் (கும்பகோணம்)

ஆசைதான், மறுக்கவில்லை. அதற்கும் கூடு இருக்கிறது. இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே பொருளை வைத்து, சுற்றிலும் வெள்ளிச் சட்டம் கட்டி, பக்கத்தில் திருகு. கடிகாரக் கண்ணாடி விற்கிற கடையிலேயே வில்லை கிடைக்கும். ரெசின் செய்கிற அத்தனையும் இது செய்யும், தண்ணீரில் முங்கிக் குளிப்பதைத் தவிர.

பழைய பேப்பர் (சென்னை)

எனக்கு வயது எழுபதுக்கு மேல். நேராகவே கேட்கிறேன். இறந்தவர் பொருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது எதற்கு? டப்பாவில் இருந்தது, டப்பாவிலேயே இருக்கட்டும். வருஷத்தில் ஒரு நாள், திதியன்று எடுத்துப் பாருங்கள். எடுத்ததற்கெல்லாம் நகை செய்வது இப்போது வந்த வழக்கம். அதைவிட, ஒரு மளிகைச் சீட்டை மூன்றாகக் கிழிப்பதற்கு மூன்று பேருக்கும் எப்படி மனம் வரும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நூல்கண்டு (திருச்சி)

பெரியவரே, இப்போது வந்த வழக்கமில்லை. விக்டோரியா ராணி 1861இல் கணவர் இறந்த பிறகு துக்கம் காத்துக் கருப்பு நகை அணிந்ததும், அதைப் பார்த்து இங்கிலாந்து முழுக்க விட்பி என்ற ஊரின் ஜெட் (மரம் புதைந்து இறுகிய கரிய பொருள்) நகைக்கும் தலைமுடி வைத்த பதக்கத்துக்கும் அலைந்ததும் வரலாறு. ஸ்வீடனில் வோம்ஹூஸ் என்ற கிராமத்துப் பெண்கள் முடியைப் பின்னி நகை செய்வதையே தொழிலாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் நடந்திருக்கிறார்கள். நம் பக்கம் சங்கப் பாடல்களிலேயே புலிப்பல் தாலி கட்டிய பிள்ளைகள் வருகிறார்கள்.

சீட்டைக் கிழிக்க வேண்டாம் என்பதில் மட்டும் உங்கள் கட்சி.

மாடவிளக்கு (சேலம்)

புலிப்பல் என்றதும் கேட்கிறேன். எங்கள் பாட்டி விட்டுப்போன சங்கிலியில் தங்கப்பூண் கட்டிய ஒரு நகம் இருக்கிறது. புலிநகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பூணை மாற்றிப் புதிதாகச் செய்து என் மகனுக்குப் போடலாமா?

ஊதுகுழல் (கும்பகோணம்)

அம்மா, அதை எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள். நான் தொடமாட்டேன், தெரிந்தவன் எவனும் தொடமாட்டான்.

நூல்கண்டு (திருச்சி)

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியின் நகம், பல், தோல் எதையும் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பாட்டி கொடுத்தது என்பது விலக்காகாது. 2003இல் இருப்பை அறிவித்துச் சான்று பெற ஒரு வாய்ப்புத் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. புலிநகப் பதக்கத்தோடு தொலைக்காட்சியில் தோன்றியதால் 2023இல் கர்நாடகத்தில் ஒருவர் கைதானதைப் படித்திருப்பீர்கள். யானைமுடி மோதிரத்துக்கும் யானைத்தந்த வளையலுக்கும் இதே கதை. உங்களிடம் இருப்பது மாட்டுக்கொம்பைச் செதுக்கியதாகவும் இருக்கலாம், சந்தையில் அதுதான் அதிகம். ஆனாலும் விற்பது, பரிசளிப்பது, மாற்றிச் செய்வது எதற்கும் முன்னால் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து அவர் மூலமாக வனத்துறையை அணுகுங்கள்.

நெறியாளர்

புலிநகப் பேச்சு இத்தோடு போதும். தாழம்பூவின் டப்பாவுக்குத் திரும்புவோம்.

அரையணா (ஈரோடு)

காலணாவைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு. போர்க்காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டார்கள். பெரிய விலைபோகும் காசு இல்லை. அதனால் நகையாக்குவதில் நஷ்டமும் இல்லை. இதற்கு ரெசினும் வேண்டாம், கூடும் வேண்டாம். துளை தயாராக இருக்கிறது, கயிறு கோத்தால் பதக்கம். வியர்வை பட்டால் கழுத்தில் பச்சை படியும். பின்பக்கம் மட்டும் மெல்லிய அரக்கு வார்னிஷ் பூசுங்கள். தயவுசெய்து பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கருமை உங்கள் அம்மாவின் கைவிரல் பட்டு வந்தது, பிராஸோ போட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

வேறு யாராவது வெள்ளி ரூபாயை நகையாக்க நினைத்தால்: எடை 11.66 கிராம் இருக்க வேண்டும். 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, 1940 முதல் பாதிதான் வெள்ளி, 1947இல் வந்தது வெறும் நிக்கல். ராஜா தலை இருந்தால் எல்லாம் வெள்ளி என்று ஆசாரியிடம் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காசின் மேல் கொக்கியைப் பற்றவைக்கச் சொல்லாதீர்கள், சூட்டில் முகம் மங்கிவிடும். விளிம்பைக் கவ்வுகிற வளையம் செய்து அதில் கொக்கி வையுங்கள். இன்னொன்று, புழக்கத்தில் உள்ள காசை உருக்குவதும் உடைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

தாழம்பூ (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. காலணா பெரியக்காவுக்கு என்று முடிவாகிவிட்டது. அம்மாவின் சுருக்குப்பையில் அதைத் தேடி எடுத்து விளையாடியவள் அவள்தான்.

தாலிக் குண்டு இரண்டு, நாங்கள் மூவர். கடையில் கொடுத்தால் எடைக்கு எடை புதிதாக மூன்று சிறிய மணிகள் தருகிறேன் என்கிறார்கள். சரிதானா?

ஊதுகுழல் (கும்பகோணம்)

சரியில்லை. கடையில் கொடுத்தால் குண்டு எடைத்தட்டில் விழும், ரசீது வரும், அப்புறம் அது ஊரார் பொன்னோடு சேர்ந்து உருகப் போய்விடும். கையில் வருகிற மணி எந்த ஊரில் செய்ததோ. பொன்னின் மதிப்பு மட்டும் வேண்டுமென்றால் அதில் தப்பில்லை. நீங்கள் கேட்பது அம்மாவின் பொன்.

கண்ணெதிரே உருக்கித் தருகிற ஆசாரியிடம் போங்கள். முதலில் எடை. பழைய குண்டு பெரும்பாலும் உள்ளே பொள்ளல், அரக்கு அடைத்திருக்கும். உடைத்து அரக்கை எடுத்துவிட்டு மறுபடி எடை. இரண்டு எடைக்கும் வித்தியாசம் பார்த்துப் பதறாதீர்கள், பொன் எங்கும் போகவில்லை. பிறகு மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) வெங்காரத்தோடு உருக்கிக் கட்டியாக்கி, அடித்து, கம்பியாக இழுக்கச் சொல்லுங்கள். ஒரே கம்பி. அதை மூன்று சம அளவாக வெட்டினால் மூன்று வளையம். அந்த வளையம்தான் ஒவ்வொருவர் தாயத்தையும் பதக்கத்தையும் சங்கிலியில் தொங்கவிடுகிற காது. இரண்டு குண்டு மூன்று பேருக்குச் சமமாகப் பிரிந்துவிட்டது, பார்த்தீர்களா?

இவ்வளவு சின்னப் பொருளுக்கு ஹால்மார்க் கேட்டு அலையாதீர்கள். 2 கிராமுக்குக் குறைந்தால் அது கட்டாயமில்லை. அப்பா காலத்துப் பொன் என்றால் 22 காரட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தரம் கூட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பனையோலை (டொரண்டோ)

நானும் சொல்லலாமா? எங்கட ஊர் யாழ்ப்பாணம் என்று தொடங்கினால் நெறியாளர் பேச்சு வழக்கு என்று வெட்டிவிடுவார், ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன்.

அம்மம்மாவின் வீடு போரில் இடிந்தது. பல வருடம் கழித்துப் போனபோது கிணறும் அரைச்சுவரும்தான் நின்றன. வளவு மண்ணைக் கொஞ்சம் எடுத்துவந்து கண்ணாடிக் குப்பிப் பதக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் கனடாவுக்குள் அனுமதிப் பத்திரமில்லாமல் மண் கொண்டுவரக்கூடாது, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அப்போது மாமா கீழே கிடந்த கூரை ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். சுட்ட ஓடு, ஒட்டியிருந்த மண் போகப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன்.

இங்கே வந்து நீர்ப்புகாத உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முரட்டுத்தாளில் தொடங்கி நைஸ் தாள் வரை, மாங்காய் வடிவத்துக்குத் தேய்த்தேன். ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், ஓட்டுத்தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. தேய்க்கத் தேய்க்க வெளிக்கருமை போய் உள்ளே செம்மஞ்சள் நிறம் வந்தது. நடுவில் ஒரு சின்ன வெள்ளைக்கல். களிமண் பிசைந்தவர் கையில் தப்பிய கல். அதை அப்படியே விட்டுவிட்டேன். மேல்முனையில் கையால் சுழற்றும் துளைப்பானில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தேன். கடையில் கொடுத்திருந்தால் அந்தக் கல்லைக் குறை என்று நினைத்து அடைத்திருப்பார்கள்.

பழைய பேப்பர் (சென்னை)

இது நன்றாக இருக்கிறது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

மாடவிளக்கு (சேலம்)

என் தோழி தாய்ப்பாலைப் பொடியாக்கி மோதிரத்தில் வைத்துச் செய்து போட்டிருக்கிறாள். அஸ்தியை வைத்துக்கூடப் பதக்கம் செய்கிறார்களாம். இதெல்லாம் சரியா?

பிசின்பெட்டி (கோவை)

தாய்ப்பால் நகை நானும் செய்கிறேன். பாலை அப்படியே ரெசினில் விடமுடியாது, கெட்டுவிடும். நீர் நீக்கிப் பொடியாக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். பலருக்கு அருவருப்பு என்று தெரியும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு வாரக்கணக்கில் பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்பிய ஒரு பெண் கேட்டபோது எனக்கு அருவருப்பு வரவில்லை.

அஸ்தி நான் செய்வதில்லை. வீட்டில் பூஜை அறை ஒட்டியதுதான் என் வேலை அறை.

பழைய பேப்பர் (சென்னை)

அஸ்தி கரைப்பதற்கு உரியது. கழுத்தில் கட்டுவதற்கு உரியதல்ல. இதில் விவாதமே இல்லை.

பனையோலை (டொரண்டோ)

ஐயா, கடலும் ஆறும் பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்வது சுலபம். இங்கே பெரும்பகுதியைக் கரைத்துவிட்டு, ஒரு சிட்டிகையை ஊருக்குப் போய்க் கரைக்கும்வரை குப்பியில் அணிந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது நகை இல்லை, தூக்கிச் செல்லும் வழி.

நெறியாளர்

அஸ்தி பற்றிய விவாதத்தைத் தனி இழையில் தொடருங்கள்.

தாழம்பூ (மதுரை)

இதுவரை முடிவானது. மூவருக்கும் வெள்ளித் தாயத்து, திருகு மூடி, மேலே அம்மாவின் பொன் வளையம். உள்ளே ஆளுக்குக் கொஞ்சம் ஜரிகை. வளையல் துண்டுகள் சின்னவளுக்கு, கண்ணாடி வில்லைக் கூட்டில். அவள் இன்னொன்றும் சொல்கிறாள். சிறு வயதில் மெழுகுவர்த்தியில் வளையல் துண்டைக் காட்டி, இளகியதும் வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிச் சங்கிலி செய்வோமே, அது மாதிரியே செய்துவிடலாமாம். எனக்கும் ஆசைதான். காதில் தொங்கவிட்டால் தாங்குமா?

சீட்டு இன்னும் தீரவில்லை.

பிசின்பெட்டி (கோவை)

மெழுகுவர்த்தியில் வளைத்த கண்ணாடி வேகமாக ஆறுவதால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும். ஒரு நாள் காரணமே இல்லாமல் படக்கென்று விடும். பார்க்க வைத்துக்கொள்ளலாம், காதில் வேண்டாம் அக்கா. பழைய வளையலை ஒன்றிரண்டு வாங்கி விளையாடிப் பாருங்கள், அம்மாவுடையதை நெருப்பில் காட்டாதீர்கள்.

சீட்டுக்கு நான் சொல்லும் வழி: தொடவே தொடாதீர்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, லேசரில் வெள்ளித் தகட்டில் பொறிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தின் அழுத்தம், மை தடித்த இடம் எல்லாம் வரும். "மறந்துவிடாதே" என்ற ஒரு சொல் மட்டும் போதும், சின்னத் தகட்டில் அடங்கும். மூவருக்கும் ஒரே எழுத்து. அசல் சீட்டு வெளிச்சம் படாத உறையில் இருக்கட்டும். நீல மை வெளிச்சத்தில் வெளுக்கும்.

ரெசின்காரியே ரெசின் வேண்டாம் என்கிறாளே என்று கும்பகோணத்து ஐயா சிரிக்க வேண்டாம்.

ஊதுகுழல் (கும்பகோணம்)

சிரிக்கவில்லை தங்கச்சி. எனக்கு லேசர் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நூல்கண்டு (திருச்சி)

ஜரிகை பற்றி ஒரு வார்த்தை. அசல் ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, அதன் மேல் தங்கமுலாம். உங்களுடையதில் ஓர் இழையைப் பிரித்தால் உள்ளே சிவப்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பழைய பட்டு வாங்குகிறவர் கண்ணில் காட்டாதீர்கள், எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார். நறுக்கும் முன் ஓரத்தைத் தைத்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பட்டு மடிப்பில் பொடியும்.

தாழம்பூ (மதுரை)

சிவப்புதான்! "மறந்துவிடாதே" என்பதற்கு மூவரும் ஒத்துக்கொண்டுவிட்டோம். பெரியக்கா அம்மாவின் முடியும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் தாயத்தில் வைக்கலாமா என்று கேட்கிறாள். சீப்பில் இருந்ததாம்.

அசல் சீட்டு யாரிடம் இருப்பது என்பதில் மட்டும் மறுபடி பேச்சு தடித்துவிட்டது.

ஊதுகுழல் (கும்பகோணம்)

முடியை நேரடியாக வெள்ளியில் படவிடாதீர்கள். முடியில் கந்தகம் உண்டு, வெள்ளி உள்ளிருந்து கறுக்கும். இளஞ்சூட்டு நீரில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போக அலசி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம்தான்.

சீட்டு யாருக்கு என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் பொன் உருக்கும் நாளில் மூவரும் சேர்ந்து போங்கள். எடைபோடும்போது மூவரும் தராசைப் பாருங்கள். வளையம் வெட்டும்போதும் பாருங்கள். அப்புறம் "அக்காவுக்குக் கூட, எனக்குக் குறைவு" என்று எந்த ஆசாரி வாசலிலும் போய் நிற்கக்கூடாது.